ஷூ கம்பெனியில் டிசைன் இன்டர்ன்ஷிப்: நான் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க

முதல் நாள் நான் நீட்டிய படத்தைப் பேட்டர்ன் மாஸ்டர் வாங்கிப் பார்த்தார். அப்புறம் தாளைத் திருப்பினார். பின்னால் ஒன்றும் இல்லை. “உள்பக்கம் எங்கம்மா?” என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பழைய வட ஆற்காட்டில் எந்தப் பக்கம் போனாலும் தோல் அல்லது ஷூ. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ரயிலுக்கு அதெல்லாம் தெரியாது. காட்பாடியில் ஏறி, குடியாத்தம், மேல்பட்டி, பச்சகுப்பம் தாண்டி ஆம்பூரில் இறங்கினேன். டிசைன் படிக்கிற பிள்ளைகள் இன்டர்ன்ஷிப்புக்குச் சென்னை, பெங்களூரு என்று தேடுகிறார்கள். வீட்டுப் பக்கத்திலேயே இவ்வளவு பெரிய தொழில் இருக்கும்போது எதற்கு என்றுதான் நான் இங்கே சேர்ந்தேன். போனவள் வரிசையாகத் தப்பு செய்தேன் என்பது வேறு விஷயம்.

பெரிய தவறு, அந்த உள்பக்கம். கல்லூரியில் ஷூவை வெளிப்பக்கத்திலிருந்து மட்டும் வரைந்து, நிழல் போட்டு, மதிப்பெண் வாங்கிப் பழகியிருந்தேன். ஆனால் காலின் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. உள்பக்கம் பாதத்தின் வளைவில் குழிந்து போகும், வெளிப்பக்கம் அவ்வளவு குழியாது. மாஸ்டர் ஒரு லாஸ்டை எடுத்தார். ஷூவுக்குள் காலுக்குப் பதிலாக நிற்கும் பிளாஸ்டிக் கட்டை அது. அதன் மேல் மாஸ்கிங் டேப்பைத் துண்டு துண்டாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி ஒட்டி, விரலால் நீவினார். நடுக்கோடு போட்டார். பிறகு என் கையில் பென்சிலைக் கொடுத்து, “உன் படத்தை இது மேல போடு” என்றார்.

போட்டேன். வெளிப்பக்கம் அழகாக வந்தது. நுனியைச் சுற்றி உள்பக்கம் வந்தபோது என் வளைவுக் கோடு எங்கே போய் முடிவது என்று எனக்கே தெரியவில்லை. திரையில் அது ஷூவின் விளிம்போடு மறைந்துவிடும், நிஜத்தில் மறையாது. அவர் கோடுகளின் மேல் பிளேடு ஓட்டி, டேப்பை உரித்து, அட்டையில் அழுத்தி ஒட்டினார். உருண்டையான பொருள் தட்டையானபோது என் கோடு இரண்டு இடத்தில் உடைந்து நின்றது. இதைத்தான் ஷெல் என்கிறார்கள். அப்பர், அதாவது ஷூவில் சோலுக்கு மேலே இருக்கும் பாகம், அதை வெட்டுவதற்கான அளவு அட்டையான பேட்டர்ன் இதிலிருந்துதான் பிறக்கிறது. கம்ப்யூட்டரில் செய்கிற கம்பெனியிலும் அடிப்படை இதேதான். ஆகவே சேர்ந்த முதல் வாரமே ஒரு லாஸ்டைக் கேட்டு வாங்கி மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். திரையைத் திறப்பதற்கு முன்னால் அதன் மேல் வரையுங்கள்.

அதே ஷெல்லில் இன்னொரு அசட்டுத்தனமும் வெளிப்பட்டது. ஷூவின் அடியோரத்தை ஒட்டி இரட்டைத் தையல் அலங்காரம் போட்டிருந்தேன். அப்பரை லாஸ்ட் மேல் இழுத்து அடியில் மடித்து ஒட்டுவார்கள். அந்த மடிப்புக்காகப் பேட்டர்னில் பொதுவாக 15 முதல் 20 மில்லிமீட்டர் கூடுதலாக விடுவார்கள். ஒட்டிய இடத்தைச் சுரண்டி, பசை பூசி, சோல் ஏற்றுவார்கள். சோலின் பக்கச்சுவர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறி மூடும். என் அலங்காரம் முழுக்க அதற்குள் புதைந்து போயிருக்கும். சோலும் நானே புதிதாக வரைந்திருந்தேன், அதை அவர் பார்க்கவே இல்லை. சோலுக்கு ஒவ்வொரு சைஸுக்கும் தனி அச்சு செய்ய வேண்டும், செலவு அதிகம். இன்டர்ன் ஒருத்தி வரைந்தாள் என்பதற்காக யாரும் அச்சு வெட்ட மாட்டார்கள். கையில் இருக்கும் சோல்களைப் பார்த்துவிட்டு வரையத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

தோலைத் துணி மாதிரி நினைத்தது அடுத்த தவறு. துணி ஒரே சீராக ரோலில் வரும். தோல் ஓர் உயிரின் உடம்பு. முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தளர்வு. தலையிலிருந்து வால் வாக்கில் குறைவாக நீளும், குறுக்கே அதிகமாக நீளும். ஷூவின் முன்பாகத்தை நல்ல இடத்தில், நுனியிலிருந்து குதிகால் வாக்கில் நீளாத திசையில் வெட்டுவார்கள். லேஸுக்கு அடியில் வரும் நாக்கு மாதிரி, வெளியே தெரியாமல் மறைகிற துண்டுகளை ஓரத்தில் எடுப்பார்கள். போதாததற்கு உண்ணிக் கடி, முள் கீறல், சூட்டுத் தழும்பு எல்லாவற்றையும் தவிர்த்து வெட்ட வேண்டும். இடது, வலது இரண்டும் ஒரே நிறத்தில், ஒரே ரேகையில் இருக்கவும் வேண்டும். நானோ ஒட்டே இல்லாமல் ஒரே துண்டில் அப்பர் வரைந்துகொண்டு போயிருந்தேன், அதுவும் ஆட்டுத் தோலில். ஆட்டுத் தோல் ஒன்று பெரும்பாலும் 4, 5 சதுர அடிதான். கட்டிங் பகுதியில் இருந்த அண்ணன் என் அட்டையைத் தோல் மேல் இப்படியும் அப்படியும் திருப்பி வைத்துக் காட்டினார். நடுவில் விழுந்த சந்துகளில் எந்தத் துண்டும் அடங்கவில்லை. அதெல்லாம் கழிவு. ஷூவின் செலவில் பெரும்பங்கு தோலுக்கே போகிறது. ஒரே துண்டு ஷூ செய்யவே முடியாதா என்றால் முடியும், அதற்கேற்ற விலையில் விற்பார்கள். நான் வரைந்த ஷூவை விற்கப்போகிற விலைக்கு முடியாது. விலையை யாரிடமும் கேட்காமல் வரையத் தொடங்கியதுதான் அங்கே நடந்த கோளாறு.

சைஸ் விஷயத்தில் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பெண்கள் ஷூவுக்கு மாதிரி சைஸ் 37. அதை 41 ஆக்க, கம்ப்யூட்டரில் மொத்தப் படத்தையும் பிடித்து இழுத்துப் பெரிதாக்கினேன். ஐரோப்பிய அளவில் ஒரு சைஸுக்கு நீளம் 6.67 மில்லிமீட்டர் கூடும், ஆங்கிலேய அளவில் 8.47. சுற்றளவு வேறு கணக்கில் கூடும். பக்கிளின் அளவு சைஸோடு சேர்ந்து வளராது, அது கடையில் கிடைக்கும் அளவில்தான் கிடைக்கும். என் 41-இல் பக்கிள் மட்டும் ஊதிப்போய் நின்றது.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செல்போன் திரையில் பார்த்த பழுப்பை நம்பாதீர்கள், வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி ஒப்புதல் வாங்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகும் இரண்டு தோல், கடை விளக்கில் வேறு வேறாகத் தெரியலாம். அதற்காகத்தான் விளக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க லைட் பாக்ஸ் என்ற பெட்டி வைத்திருக்கிறார்கள். தோல் துண்டில் தேதி போட்டு, கையெழுத்து வாங்கி, அதை வைத்தே பேச வேண்டும்.

ஏசி அறையை விட்டு நகராமல் இருந்ததுதான் எனக்கு அதிக நாளைத் தின்றது. இரண்டு வாரம் கழித்துத்தான் தையல் பகுதிக்குப் போனேன். வரிசையாகப் பெண்கள், பலர் கம்பெனி பஸ்ஸில் சுற்று ஊர்களிலிருந்து வருபவர்கள். என் மாதிரியைத் தைத்துக்கொண்டிருந்த அக்கா, மூன்று தோல் ஒன்றன் மேல் ஒன்றாக வரும் முனையை என் விரலில் தடவச் சொன்னார். “இது கணுக்கால்ல தேய்க்கும் பாப்பா. நான் தைச்சிடுவேன், போடறவங்க இன்னா பண்ணுவாங்க?” ஒவ்வொரு தோலும் 1.3 மில்லிமீட்டர். ஓரத்தை ஸ்கைவிங் மெஷினில் சீவி மெல்லிதாக்கினாலும் மூன்று விளிம்பு ஒரே புள்ளியில் சந்தித்தால் மேடு தட்டத்தான் செய்யும். ஒரு விளிம்பை 8 மில்லிமீட்டர் தள்ளிப் போட்டேன், மேடு போய்விட்டது. படத்தில் அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியவில்லை.

ஆனால் இப்படி வேலை நடக்கும் லைனுக்குப் போகவும் நேரம் பார்க்க வேண்டும். கண்டெய்னர் கிளம்பும் வாரத்தில் போய் “இது எதுக்குண்ணா?” என்று நின்றால் பதில் வராது, முறைப்புதான் வரும். மதிய சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். எழுதிக்கொண்டு கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

கடைசியாகப் போட்டோ. இங்கே தயாராகும் ஷூ கடைக்கு வர மாதக்கணக்கு ஆகும், அதுவரை அது ஆர்டர் கொடுத்த கம்பெனியின் ரகசியம். சாம்பிள் அறையில் ஒரு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் அழித்து, மறுநாள் மேனேஜர் முன்னால் தலைகுனிந்து நின்றவள் சொல்கிறேன். எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று சேரும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் நாளன்று கேட்டால் சர்டிபிகேட்டைத் தவிர வேறொன்றும் கையில் இருக்காது. எனக்குக் கிடைத்தது என் சொந்த ஸ்கெட்ச்களும் அந்த முதல் ஷெல்லும்தான். அட்டையில் ஒட்டிய, மஞ்சளாகிப்போன டேப், இரண்டு இடத்தில் உடைந்த கோடு. எடுத்துக்கொள்ளட்டுமா என்று மாஸ்டரிடம் கேட்டபோது, “குப்பைதானே, எடுத்துக்கோ” என்றார். அப்புறம் திருப்பி வாங்கி, உள்பக்கக் கோட்டைப் பென்சிலால் ஒருமுறை சரியாகப் போட்டுவிட்டுக் கொடுத்தார்.