மாத்திரை விழுங்க முடியாத வலிப்பு நோயாளிக்கு எந்த ஊசி?

ராத்திரி பதினொரு மணி. சர்ஜரி வார்டிலிருந்து ஹவுஸ் சர்ஜன் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "சார், குடல் அடைப்பு கேஸ். காலையில் ஆபரேஷன். பத்து வருஷமா ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடுறவர். வாய்வழியா எதுவும் கூடாதுன்னு எழுதியிருக்கு. லெவெட்டிரசிட்டம் ஊசி போட்டுடவா?"

எந்த வலிப்பு நோயாளி என்றாலும் லெவெட்டிரசிட்டம் என்பது இப்போது கை தானாகப் போகும் பழக்கமாகிவிட்டது. பல நேரம் தப்பும் இல்லை. ஆனாலும் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. வார்டில் புதிதாக டூட்டி பார்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். வீட்டில் செய்கிற வேலை இல்லை இது.

முதலில்: இப்போது வலிப்பு ஓடிக்கொண்டிருக்கிறதா?

ஆம் என்றால் இது வேறு கணக்கு. வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினாலே ஸ்டேட்டஸ், அதாவது தானாக நிற்காத ஆபத்தான வலிப்பு, என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு லோராசிபம் கிலோவுக்கு 0.1 மி.கி., ஒரு தடவைக்கு 4 மி.கி.க்கு மேல் வேண்டாம். ஊசி ஏற்ற நரம்பு (ரத்தக்குழாய்) கிடைக்கவில்லையா? தேடிக்கொண்டே நிற்காதீர்கள். 40 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் தொடையில் மிடசோலம் 10 மி.கி. போடுங்கள். அதே கையோடு சுகர் பாருங்கள். கர்ப்பிணி என்றால், எக்லாம்ப்சியா (கர்ப்பகால ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு) என்று சந்தேகம் வந்தாலே மெக்னீசியம் சல்ஃபேட்தான் முதல் மருந்து.

லோராசிபத்துக்கு அடங்காவிட்டால் அடுத்தது எது என்று ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. 2019-இல் வெளியான எசெட் ஆய்வு அதை ஓரளவு தீர்த்துவைத்தது. லெவெட்டிரசிட்டம் கிலோவுக்கு 60 மி.கி., வால்ப்ரோயேட் 40, ஃபாஸ்ஃபெனிட்டாயின் 20 என்று கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அடங்கியது. மருந்தின் வீரியத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால், நோயாளியின் ஈரல், கிட்னி, இதயத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்து: வாய்வழி நிஜமாகவே முடியாதா?

கேஸ் ஷீட்டில் 'வாய்வழி எதுவும் வேண்டாம்' என்று எழுதியதும் வலிப்பு மாத்திரையும் சேர்ந்து நின்றுபோவது நிறைய நடக்கிறது. குடல் நன்றாக இருந்து வேறு ஆபரேஷனுக்குப் போகிறவர் என்றால், காலை டோஸை ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுக்க மயக்க மருந்து டாக்டர் பெரும்பாலும் சரி என்பார். கேளுங்கள். மயங்கிக் கிடப்பவருக்கு ரைல்ஸ் ட்யூப் (மூக்கிலிருந்து இரைப்பைக்குப் போகும் குழாய்) வழியாகக் கொடுக்கலாம். ஆனால் மெதுவாகக் கரையும் மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது, சிரப்புக்கு மாற்றுங்கள். நம் ஆளுக்குக் குடலே அடைத்திருக்கிறது. ஊசிதான் வழி.

என்ன மாத்திரை, கடைசியாக எப்போது?

கூட இருப்பவரிடம் மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 'வெள்ளை மாத்திரை' என்ற பதிலை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஏற்கெனவே கட்டுப்படுத்திக்கொண்டிருக்கும் மருந்துக்கே ஊசி வடிவம் இருந்தால், அதுதான் முதல் தேர்வு. லெவெட்டிரசிட்டம், வால்ப்ரோயேட், லாக்கோசமைடு, பிரிவராசிட்டம் நான்குக்கும் ஒரு நாளின் மொத்த அளவை அப்படியே ஊசிக்கு மாற்றலாம். டோஸ் தவறாமல் சாப்பிட்டவருக்கு லோடிங் டோஸ் (தொடக்கத்தில் ஒரே தடவையாகக் கொடுக்கும் பெரிய அளவு) தேவையில்லை.

நம் ஆளின் அட்டையில் இருப்பது வால்ப்ரோயேட் 500 மி.கி. காலை, இரவு. அப்புறம் கிளோபசம் 10 மி.கி. இரவில். ஆக, வால்ப்ரோயேட் ஊசி 250 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் ஓடட்டும். கிளோபசத்துக்கு ஊசி கிடையாது. திடீரென நின்றால் அதனாலேயே வலிப்பு வரலாம் என்பதால், சிறிய அளவு லோராசிபம் கொடுத்து இடைவெளியை அடைக்கிறோம். மூச்சைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

லாமோட்ரிஜின், டோபிரமேட், ஆக்ஸ்கார்பசபின் சாப்பிடுபவர்களுக்கும் இதே சிக்கல்தான். அவர்களுக்குத் தற்காலிகமாக லெவெட்டிரசிட்டம் அல்லது லாக்கோசமைடு.

உடம்பு என்ன சொல்கிறது?

ஈரல் கெட்டிருந்தால் வால்ப்ரோயேட் வேண்டாம். ஆபரேஷன் என்றால் பிளேட்லெட்டும் பாருங்கள், அதையும் இது குறைக்கும். கிட்னி பழுதென்றால் லெவெட்டிரசிட்டத்தைக் குறைக்க வேண்டும், டயாலிசிஸ் முடிந்ததும் கூடுதல் டோஸ் கொடுக்க வேண்டும். முன்பே மனநலப் பிரச்சினை உள்ளவருக்கு அது கோபத்தைக் கிளப்பலாம். லாக்கோசமைடுக்கு முன் ஈசிஜி எடுங்கள், அதில் பிஆர் இடைவெளி (இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போக ஆகும் நேரம்) நீளும்.

இந்தக் கேஸில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துத் தூங்கப் போய்விடாதீர்கள். ஆபரேஷனில் குடல் அழுகியிருந்தால் சர்ஜன் மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக் எழுதுவார். மெரோபெனெம் ஏறினால் ரத்தத்தில் வால்ப்ரோயேட் ஓரிரு நாளில் சரிந்துவிடும். டோஸை ஏற்றியும் பிடிக்க முடியாது. அப்போது ஆன்டிபயாடிக்கை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் லெவெட்டிரசிட்டம் சேருங்கள். முதலில் கேட்ட அதே ஊசிதான், ஆனால் இப்போது அதற்குக் காரணம் இருக்கிறது.

ஃபெனிட்டாயின் என்றால் தனி ஜாக்கிரதை

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நான் இதை ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் கலந்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் நீர் பால் மாதிரி வெளுத்தது. வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய ஊசி ஊசியாகப் படிகம். நைட் டூட்டி சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக் கொட்டிவிட்டு, நார்மல் சலைன் எடுத்து நீட்டினார்.

60 கிலோ ஆளுக்கு லோடிங் கிலோவுக்கு 20 மி.கி. வீதம் 1200 மி.கி. 100 மி.கி. ஆம்பூல் என்றால் பன்னிரண்டு உடைக்க வேண்டும். 100 மி.லி. நார்மல் சலைனில் மட்டும் கலந்து, முடிந்தால் ஃபில்டர் வைத்து, உடனே ஓடவிடுங்கள். வேகம் நிமிடத்துக்கு 50 மி.கி. தாண்டக் கூடாது, அதாவது குறைந்தது 24 நிமிடம். வயதானவருக்கும் இதய நோயாளிக்கும் அதில் பாதி வேகம். மானிட்டர் மாட்டுங்கள், பிபி விழுந்தாலோ துடிப்பு தடுமாறினாலோ நிறுத்துங்கள். இதயத்தின் மின்துடிப்பில் பிளாக் இருந்தால் தொடவே வேண்டாம். புறங்கையில் உள்ள மெல்லிய நரம்பில் போட்டால் கை ஊதா நிறமாக வீங்கிப்போகலாம். முழங்கைப் பக்கம் பெரிய நரம்பாகப் பாருங்கள். முன்னும் பின்னும் சலைன் ஃப்ளஷ்.

மாத்திரைக்குத் திரும்பும்போது

குடல் வேலை செய்யத் தொடங்கியதும் பழைய மாத்திரை, பழைய அளவு. விதிவிலக்கு லாமோட்ரிஜின். ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போயிருந்தால் பழைய டோஸில் ஆரம்பிக்காதீர்கள், தோல் கொப்பளித்து உயிருக்கே ஆபத்தாகலாம். நியூராலஜியிடம் கேட்டு, முதலிலிருந்து சின்ன அளவில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். அதுவரை தற்காலிக ஊசியையும் நிறுத்த வேண்டாம், அல்லது அதே மருந்தை மாத்திரையாகக் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் இதை எழுத மறந்துவிடாதீர்கள்.