சைபர்பங்க் 2077: எதைக் குறைத்தால் லேக் போகும், எதைக் குறைப்பது வீண்

சைபர்பங்க் 2077 வந்தது 2020 டிசம்பரில். இத்தனை வருஷம் ஆகியும் நம்ம தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ஒரு பையன் புது லேப்டாப் வாங்கினால் முதலில் ஏற்றிப் பார்ப்பது இந்த கேம்தான், ரெண்டு நாள் கழித்து "அண்ணா, லேக் அடிக்குது, என்ன பண்றது" என்று கேட்பதும் இதைப் பற்றித்தான். அதற்குள் எல்லா செட்டிங்கையும் 'லோ'வுக்கு இறக்கியிருப்பான். படம் கெட்டுப்போயிருக்கும், திக்கித் திக்கி ஓடுகிற லேக் மட்டும் அப்படியே இருக்கும். மேட்டூரில் முழுசாகத் திறந்துவிட்டாலும் நடுவில் வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கேயும் அதே கதை. எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அங்கே கை வைத்தால் போதும்.

பார்ப்பதற்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேர் போடுங்கள், கூடவே எண்களைத் திரையில் காட்டுகிற ரிவாட்யூனரும் வரும், இரண்டும் இலவசம், எந்த கம்பெனி கிராபிக்ஸ் கார்டாக இருந்தாலும் ஓடும். கேம் ஓடும்போது திரை மூலையில் தெரிய வேண்டியவை: கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, அதன் சூடு, அதன் கிளாக் வேகம், வி-ரேம் (கார்டின் சொந்த மெமரி) எவ்வளவு நிரம்பியிருக்கிறது, சிபியு, ஃப்ரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படம்), ஃப்ரேம்டைம் கோடு (ஒவ்வொரு படமும் வர எடுக்கும் நேரம்). கடைசியாகச் சொன்ன கோடுதான் முக்கியம். 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 16.7 மில்லிசெகண்ட். சராசரி 60 என்று காட்டிக்கொண்டே நடுநடுவில் ஒரு ஃப்ரேம் 80 மில்லிசெகண்ட் எடுத்தால் எண்ணைப் பார்த்து ஒன்றும் தெரியாது, கோடு மட்டும் குதிக்கும். கை உணர்கிற லேக் அதுதான்.

கிராபிக்ஸ் மெனுவிலேயே வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க் இருக்கிறது. அதை ஒரு தடவை ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், கூட்டமான தெருவில் சிபியு படுகிற பாடு அதில் முழுசாகத் தெரியாது. கேமில் வரும் ஜப்பான்டவுனில் செர்ரி பிளாசம் மார்க்கெட் பக்கம் ஒரு நடை நடந்துவிட்டு, வண்டியை எடுத்து ஊருக்குள் வேகமாக ஒரு சுற்று சுற்றுங்கள். ஃபேன்டம் லிபர்ட்டி என்ற விரிவாக்கத்தையும் வைத்திருந்தால் டாக்டவுனிலும் ஒரு சுற்று.

இப்போது எண்களைப் படிக்கலாம். கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது என்றால் கார்டுதான் திணறுகிறது, கிராபிக்ஸ் செட்டிங்கைக் குறைத்தால் பலன் கிடைக்கும். கார்டு 60, 70 சதவீதத்தில் சும்மா இருக்கிறது, ஃப்ரேமும் ஏறவில்லை என்றால் (இடையில் எங்கும் ஃப்ரேமுக்கு உச்சவரம்பு போட்டு வைக்கவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்) சிபியு அல்லது ரேம் பின்தங்குகிறது, அப்போது நிழலையும் ரிசல்யூஷனையும் குறைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. வி-ரேம் முட்டி நிற்கிறது, திரும்பும்போதெல்லாம் வெட்டி வெட்டி நிற்கிறது என்றால் டெக்ஸ்ச்சர் (சுவர், தரை, துணி மேல் ஒட்டுகிற படங்கள்). முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடி அப்புறம் கிளாக் வேகம் இறங்குகிறது என்றால் சூடு. நம்ம ஊரில் இந்த நாலாவது கேஸ்தான் அதிகம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கார்டு திணறினால் முதலில் ரே டிரேசிங்கை (ஒளி போகிற வழியைக் கணக்கிட்டு வரைவது) அணையுங்கள். 4 ஜிபி வி-ரேம் உள்ள லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 3050-ல் அது பெயருக்குத்தான் இருக்கிறது. அதைவிடக் கனமான பாத் டிரேசிங் பக்கம் தலை வைத்தும் படுக்க வேண்டாம். அடுத்து 'ஸ்க்ரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்‌ஷன்ஸ் குவாலிட்டி', ஈரமான ரோட்டிலும் கண்ணாடியிலும் தெரிகிற பிரதிபலிப்பு. இதில் 'சைக்கோ' என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், பெயருக்கு ஏற்ற மாதிரியே ஃப்ரேமைத் தின்னும். லோவில் வைத்தால் கொஞ்சம் பிசிறடிக்கும், அந்தப் பிசிறு பிடிக்காதவர்கள் முழுசாக அணைத்துவிடலாம், கூடவே இன்னும் சில ஃப்ரேம் கிடைக்கும். என் கண்ணுக்கு அணைத்தால் இரவு நேர ரோடு உயிரில்லாமல் இருக்கிறது, அதனால் நான் லோவிலேயே விடுகிறேன். 'வால்யூமெட்ரிக் ஃபாக் ரிசல்யூஷன்', 'வால்யூமெட்ரிக் கிளவுட் குவாலிட்டி' இரண்டையும் மீடியத்துக்கு இறக்குங்கள், நிறுத்தி வைத்து ஒப்பிட்டால்கூட வித்தியாசம் தேட வேண்டியிருக்கும். நிழல் சம்பந்தப்பட்ட கேஸ்கேடட் ஷேடோஸ், ஆம்பியன்ட் அக்லூஷன் இரண்டும் அடுத்த வரிசை. அவற்றை ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொரு தடவையும் பெஞ்ச்மார்க் ஓட்டுங்கள், ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

குறைத்தும் பலனில்லாதவை சில. சாய்வாகத் தெரிகிற தரையைக் கூர்மையாக்கும் அனிசோட்ரோபியை 16-லேயே விடுங்கள். ஃபிலிம் கிரெய்ன், குரோமாட்டிக் அபரேஷன், மோஷன் பிளர் இதெல்லாம் ரசனை சமாச்சாரம், அணைத்தால் படம் தெளிவாகும், ஃப்ரேம் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். டெக்ஸ்ச்சரும் அப்படித்தான்: வி-ரேமில் இடம் இருக்கிற வரை அதைக் குறைப்பதால் ஃப்ரேம் ஏறாது, இடம் இல்லாவிட்டால் அது ஒன்றே எல்லாவற்றையும் கெடுக்கும். 4 ஜிபி கார்டு என்றால் மீடியம், 8 ஜிபி என்றால் தாராளமாக ஹை. விளையாட்டுக்கு நடுவில் இதை மாற்ற முடியாது, மெயின் மெனுவுக்கு வெளியே வந்துதான் மாற்ற முடியும். "டெக்ஸ்ச்சர் ஆப்ஷன் வேலை செய்யவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டியிருப்பார்கள்.

இதற்கு மேலும் ஃப்ரேம் வேண்டுமென்றால் அப்ஸ்கேலிங், அதாவது சின்னதாக வரைந்து திரை அளவுக்குப் பெரிதாக்குவது. ஆர்டிஎக்ஸ் கார்டு என்றால் டிஎல்எஸ்எஸ், ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி பழைய கார்டு அல்லது ரேடியான் என்றால் எஃப்எஸ்ஆர். குவாலிட்டி என்று வைத்தால் 1080 திரைக்கு உள்ளே 720-ல் வரைந்து பெரிதாக்குகிறது, பெர்ஃபார்மன்ஸ் என்றால் 540-தான். 1440 திரை வைத்திருப்பவர் பேலன்ஸ்டு வரை போகலாம், 1080-க்காரர் குவாலிட்டியோடு நிற்பது நல்லது, அதற்குக் கீழே தூரத்து ஆட்களின் முகமும் கம்பி வேலியும் குழம்பிவிடும். நடுநடுவே செயற்கை ஃப்ரேமைச் சொருகுகிற ஃப்ரேம் ஜெனரேஷனைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். ஏற்கனவே 60 பக்கம் ஓடுகிறவருக்கு அது நல்லது, 25-ல் தள்ளாடுகிறவருக்கு மேலே 50 என்று எண் மட்டும் காட்டும், மவுஸை அசைத்தால் பதில் வருவது 25-ஐ விட மந்தமாக இருக்கும்.

சிபியு பின்தங்குகிறவர்கள் செட்டிங்கில் 'கிரவுட் டென்சிட்டி'யைத் தேடிக் குறையுங்கள். மார்க்கெட்டில் ஆள் கூட்டம் குறையும், ஃப்ரேம்டைம் கோடு அடங்கும். ரே டிரேசிங் சிபியுவுக்கும் சுமைதான், அதையும் அணையுங்கள். அப்புறம் ரேம். 2023-ல் வந்த 2.0 அப்டேட்டோடு குறைந்தபட்சத் தேவையே 12 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, 6 ஜிபி வி-ரேம் உள்ள ஜிடிஎக்ஸ் 1060 என்று ஏறிவிட்டது. 8 ஜிபி ஒற்றை ரேமோடு வருகிற லேப்டாப்பில் எந்த செட்டிங்கும் இதைச் சரிசெய்யாது. இன்னொரு 8 ஜிபி வாங்கிப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டால் அளவும் கூடும், இரட்டைச் சேனலில் ஓடுவதால் வேகமும் கூடும். புது கார்டுக்குக் காசு சேர்க்கிறவர்கள் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இது.

ஜிடிஎக்ஸ் 1650-காரர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: உங்கள் கார்டு இப்போது குறைந்தபட்சத்துக்கும் கீழே. லோ ப்ரீசெட்டில் தொடங்கி, டெக்ஸ்ச்சரை மட்டும் மீடியத்துக்கு ஏற்றி, எஃப்எஸ்ஆர் குவாலிட்டி வைத்து, ஃப்ரேமுக்கு ஒரு உச்சவரம்பு போட்டுவிடுங்கள். 38-க்கும் 55-க்கும் நடுவில் ஊசலாடுவதைவிட 40-ல் அசையாமல் நிற்பது கண்ணுக்கு நல்லது. 40 ஃப்ரேம் என்றால் 25 மில்லிசெகண்ட், நேரக் கணக்கில் 30-க்கும் 60-க்கும் சரி நடுவில் வருகிறது. ஆனால் திரையின் ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கிறது என்ற எண்) அந்த உச்சவரம்பால் வகுபட வேண்டும்: 120 திரைக்கு 40, 144 திரைக்கு 48, 60 திரைக்கு 30 இல்லையென்றால் 60.

சரி, சூடு. வெளிநாட்டுக்காரர் வீடியோவில் அதே லேப்டாப் 60 ஓடுகிறது, உங்களுடையது 42-ல் நிற்கிறது என்றால் அவர் அறை 22 டிகிரி, உங்கள் அறை கத்திரி வெயிலில் 36. அறைச் சூடு எத்தனை டிகிரி ஏறுகிறதோ கிட்டத்தட்ட அத்தனை டிகிரி உள்ளேயும் ஏறும். லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கிளாக்கை இறக்கும். இங்கே செட்டிங்கைக் குறைத்தால் மட்டும் போதாது, கார்டு மிச்சமாகிற பலத்தை இன்னும் அதிக ஃப்ரேம் வரையவே செலவழிக்கும், சூடு அப்படியேதான் இருக்கும். செட்டிங்கைக் குறைத்துவிட்டு உச்சவரம்பும் போட்டால்தான் கார்டு மூச்சுவிடும். விண்டோஸ் பவர் பிளானில் 'மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்' 100-ல் இருக்கும், அதை 99 ஆக்கினால் டர்போ (சிபியு தானாக வேகம் கூட்டுவது) நின்று சிபியு சூடு நன்றாகவே இறங்கும். கார்டுதான் திணறுகிறது என்றால் ஃப்ரேமில் பெரிய இழப்பு இருக்காது. சிபியு பின்தங்குகிற மெஷினில் இதைச் செய்ய வேண்டாம். லேப்டாப்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள், மெத்தை மேல் வைத்து விளையாடுகிறவருக்கு வேறு எந்த யோசனையும் உதவாது.

தை மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் உள்ளே ஒரு தடவை சுத்தம் செய்வதும் அவசியம். வயலை ஒட்டிய வீடு என்றால் அறுவடை மெஷின் கிளப்புகிற தூசியும் வைக்கோல் துகளும் ஹீட்சிங்க் இடுக்கில் போய்ப் படிந்துவிடும். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள்.

குறுவைக்கு மோட்டார் ஓடுகிற மாதங்களில் கிராமப்புறத்தில் வோல்டேஜ் இறங்குவதும் கரண்ட் போய்ப் போய் வருவதும் தெரிந்ததே. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் கவனிக்க: கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், கார்டு முழு வேகத்தில் இருக்கும்போது மானிட்டரும் சேர்ந்தால் கரண்ட் போன நொடியில் அதுவும் சேர்ந்தே அணையும். உச்சவரம்பு இங்கேயும் உதவுகிறது, கார்டு இழுக்கிற வாட் குறைகிறது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டினால் அதில் இருக்கும் சுவிட்சை யுபிஎஸ் மோடுக்கு மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் மாறுகிற இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். லேப்டாப்காரர்களுக்கு கேம் அணையாது, ஆனால் பேட்டரிக்கு மாறியதும் ஃப்ரேம் பாதியாக விழும். அதைப் பார்த்துப் பதறி செட்டிங்கை மாற்றாதீர்கள், எஃப்5 அழுத்தி சேவ் செய்துவிட்டு கரண்ட் வரும் வரை விடுங்கள்.