பழைய ஈகோ சால்வென்ட் பிரிண்டரைச் சீராக்குதல்: எந்த உதிரிபாகத்தைப் பழையதாக வாங்கலாம்?

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் பேனரும் வினைல் ஸ்டிக்கரும் அச்சிடும் கடைகள் புதிய இயந்திரத்துக்கு மாறும்போது, ஐந்தடி அகல ஈகோ சால்வென்ட் பிரிண்டர்கள் (வீரியம் குறைந்த கரைப்பான் சார்ந்த மையால் அச்சிடுபவை) மலிவாக விற்பனைக்கு வருகின்றன. மிமாகி ஜேவி33, முத்தோ வேல்யூஜெட் 1604 போன்ற டிஎக்ஸ்5 ஹெட் (நுண்துளைகள் வழியே மையைத் தெளிக்கும் அச்சுத் தலை) கொண்ட இயந்திரங்களையும், எக்ஸ்பி600 ஹெட் பொருத்திய சீன இயந்திரங்களையும் மனத்தில் வைத்து இந்த விளக்கம் எழுதப்படுகிறது. உலோகத்தாலான பாகங்களையும் மின்னணுப் பலகைகளையும் சோதித்துப் பார்த்துப் பழையதாக வாங்கலாம். மையில் நனையும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களைப் புதிதாகவே வாங்க வேண்டும். ஹெட் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது.

வாங்கும் முன்

விற்பவரின் இடத்திலேயே இயந்திரத்தை இயக்கச் சொல்லி, நாசில் செக் தாளை (ஒவ்வொரு துளையும் மை விடுகிறதா என்று கோடுகளாகக் காட்டும் சோதனைத் தாள்) அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் ஓடித் தேய்ந்த இயந்திரத்தைவிட, முகூர்த்தம் இல்லாத மார்கழியில் வேலையின்றி நிறுத்திவைக்கப்பட்டு அப்படியே மறக்கப்பட்ட இயந்திரமே பெரும்பாலும் அதிகச் செலவு வைக்கும். ஏனெனில் மை ஹெட்டுக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் உலர்ந்திருக்கும். அதில் எந்த மை ஓடியது என்பதையும் கேட்டறிய வேண்டும். திருப்பூரில் துணிக்கான சப்ளிமேஷன் மையில் ஓடிய இயந்திரம் நீர் சார்ந்த மையைக் கண்டது. அதில் சால்வென்ட் மையை நேரடியாக ஊற்றினால் இரண்டும் கலந்து திரிந்து, ஹெட்டை நிரந்தரமாக அடைத்துவிடும்.

படி 1: அமைப்புகளைக் குறித்துக்கொள்ளுதல்

ஒரு திருகைக்கூடக் கழற்றுவதற்கு முன், இயந்திரத்தின் மெனுவில் உள்ள ஃபீட் அளவு (அச்சிடும் வினைல், ஃப்ளெக்ஸ் போன்ற மீடியா ஒவ்வொரு முறையும் நகரும் தூரம்), இருதிசை அச்சு ஒத்திசைவு (ஹெட் போகும்போதும் வரும்போதும் அச்சிடுவது ஒன்றோடொன்று பொருந்துவது), ஹெட் தொடர்பான எண்கள் ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். மெயின் போர்டை (முதன்மை மின்னணுப் பலகையை) மாற்ற நேர்ந்தால் இந்த எண்கள்தான் கைகொடுக்கும். கேபிள்கள் ஒவ்வொன்றிலும் காகித நாடா ஒட்டி, அது எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று எழுதிவிடுங்கள்.

படி 2: தூசும் பஞ்சும்

மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஹெட்டைச் சுமந்து ஓடும் கேரியேஜைக் கையால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். எங்கும் தடையின்றி ஒரே சீராக நகர வேண்டும். கரகரவென்று உரசினால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். பேரிங்கின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணைச் சொன்னால் பேரிங் கடையில் புதியது கிடைத்துவிடும். அதைப் பழையதாக வாங்குவதில் மிச்சமாகும் தொகை அற்பமே. தேய்ந்த புல்லி, புஷ் போன்றவற்றுக்காக வேறு இயந்திரத்தைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. கணபதி, பீளமேடு பக்கத்து லேத் பட்டறைகளில் மாதிரியைக் கொடுத்தால் கடைந்து தந்துவிடுவார்கள்.

என்கோடர் ஸ்ட்ரிப் என்பது கேரியேஜ் தான் நிற்கும் இடத்தை அறிந்துகொள்ள உதவும், நுண்ணிய கோடுகள் அச்சிட்ட ஒளிபுகும் பட்டை. பனியன் கம்பெனிகள் சூழ்ந்த இடத்தில் பறக்கும் பஞ்சும், பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றடிக்கும் மாதங்களில் உள்ளே வரும் புழுதியும் இதில்தான் படிகின்றன. படிந்தால் கேரியேஜ் ஓரச் சுவரில் மோதும், அல்லது மோட்டார் பிழை என்று திரையில் காட்டும். பலர் உடனே மோட்டாரையே மாற்றிவிடுகிறார்கள். முதலில் நூல் உதிராத மென்துணியை நீரில் லேசாக நனைத்துப் பட்டையைத் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடையுங்கள். சால்வென்ட் கிளீனிங் திரவத்தை இதில் பயன்படுத்தினால் கோடுகளே அழிந்துபோகக்கூடும்.

படி 3: மை செல்லும் வழி

கேப் (ஓய்வில் ஹெட்டை மூடிவைக்கும் ரப்பர் மூடி), வைப்பர் (ஹெட்டைத் துடைக்கும் ரப்பர்), டேம்பர் (ஹெட்டுக்கு மேலுள்ள சிறு மை வடிகட்டி அறை), பம்ப் குழாய் ஆகிய நான்கையும் கேள்வியின்றிப் புதிதாக மாற்றுங்கள். விலை குறைவான இந்தப் பாகங்கள் பழுதானால்தான் விலை உயர்ந்த ஹெட் கெடுகிறது. மாற்றியபின் கேப்பில் கிளீனிங் திரவத்தை விளிம்புவரை ஊற்றிச் சில நிமிடங்கள் காத்திருங்கள். திரவம் அப்படியே நிற்க வேண்டும். பம்பை இயக்கியதும் முழுவதும் உறிஞ்சப்பட வேண்டும். பம்ப் ஓடாதபோதே திரவம் இறங்கினால் பம்ப் தேய்ந்திருக்கிறது, அல்லது குழாய் இணைப்பில் கசிவு இருக்கிறது என்று பொருள்.

படி 4: ஹெட்

டிஎக்ஸ்5 ஹெட்டில் வரிசைக்கு 180 துளைகளாக 8 வரிசைகளில் 1440 துளைகளும், எக்ஸ்பி600 ஹெட்டில் 6 வரிசைகளில் 1080 துளைகளும் உள்ளன. நாசில் செக் தாளில் விடுபட்ட கோடுகள் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் தோன்றினால் ஹெட்டைக் குறை சொல்லாதீர்கள். மை வரத்தில் காற்று புகுந்திருக்கிறது. ஒரே இடத்தில் நிலையாக விடுபட்டால் அந்தத் துளைகள் அடைத்திருக்கலாம், அல்லது மின்வழியில் செத்திருக்கலாம். ஒரு நிறம் முழுவதுமே வரவில்லையென்றால் முதலில் டேம்பரையும், பிறகு கேபிளையும் சந்தேகிக்க வேண்டும்.

அடைப்பை நீக்க, அந்த ஹெட்டில் ஓடும் மைக்கு உரிய கிளீனிங் திரவத்தைச் சிரிஞ்சில் எடுத்து, குழாய்த் துண்டு மூலம் மிக மெதுவாகச் செலுத்துங்கள். போகவில்லை என்று அழுத்தினால் உள்ளிருக்கும் மெல்லிய அடுக்குகள் பிரிந்துவிடும். ஊறவிட்டு மறுநாள் முயல்வதே நல்லது.

பழைய ஹெட் வாங்குவதாக இருந்தால், அது ஓர் இயந்திரத்தில் பொருத்தப்பட்டு அச்சிடுவதை நேரில் பார்த்த பின்பே பணம் கொடுங்கள். டிஎக்ஸ்5 ஹெட்களில் பூட்டப்பட்டவை, பூட்டப்படாதவை என வகைகள் உண்டு என்பதும், பூட்டப்பட்டவற்றுக்குத் அந்தப் பூட்டைத் திறக்கத் தனியாக டீகோடர் அட்டை தேவைப்படும் என்பதும் புதியவர்கள் பெரும்பாலும் அறியாத செய்தி. காகிதத்தில் சுற்றி நீட்டப்படும் ஹெட், எவ்வளவு மலிவானாலும், என் கணக்கில் வீண் செலவுதான்.

பொருத்தும்போது கவனம் முழுவதும் ஹெட்டின் தட்டைக் கேபிளில் இருக்கட்டும். இந்தக் கேபிளில் சுமார் 40 வோல்ட் செல்கிறது. முனையில் ஒரு துளி மை ஒட்டியிருந்தாலோ, கேபிள் சற்றே சாய்வாகச் செருகப்பட்டிருந்தாலோ, இயந்திரத்தை இயக்கிய நொடியில் ஹெட்டும் மெயின் போர்டில் உள்ள ஃபியூஸும் டிரான்சிஸ்டரும் சேர்ந்தே போய்விடும். ஆகையால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மீதமுள்ள மின்சாரத்தை வடியவிட்டு, பத்து நிமிடம் பொறுத்த பின்பே கேபிளைத் தொடுங்கள். முனை கறுத்த கேபிளைச் சுரண்டிப் பயன்படுத்த வேண்டாம். புதிய கேபிளின் விலை ஹெட்டின் விலையோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை.

படி 5: போர்டும் மோட்டாரும்

பழைய பாகங்களால் உண்மையில் பணம் மிச்சமாவது இங்கேதான். ஹெட் செத்ததால் ஓரம் கட்டப்பட்ட, அதே மாடலைச் சேர்ந்த இயந்திரம் ஒன்று முழுதாகக் கிடைத்தால் வாங்கிவிடலாம். பவர் சப்ளை, மோட்டார்கள், ஹீட்டர், சென்சார்கள், ரோலர்கள் அனைத்தும் அதிலிருந்தே கிடைத்துவிடும். மெயின் போர்டில் மாடல் பெயர் மட்டுமின்றி, பலகையில் அச்சிடப்பட்ட பதிப்பு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஹெட் எரிந்த இயந்திரத்தின் போர்டும் பெரும்பாலும் எரிந்திருக்கும். ஃபியூஸை மல்டிமீட்டரில் சோதிக்காமல் அந்தப் போர்டில் உங்கள் நல்ல ஹெட்டை மாட்டாதீர்கள்.

படி 6: ஒத்திசைவும் இரவுச் சோதனையும்

ஹெட்டின் சாய்வு, இருதிசை அச்சு, ஃபீட் என்ற வரிசையிலேயே ஒத்திசைவு செய்யுங்கள். சாய்வு சரியாகாமல் மற்ற இரண்டும் சரியாகா. ஃபீட் சோதனையில் பட்டைகளுக்கு இடையே வெள்ளைக் கோடு தெரிந்தால் மீடியா அளவுக்கு மேல் நகர்கிறது. கருங்கோடு தெரிந்தால் குறைவாக நகர்ந்து ஒன்றின்மேல் ஒன்று படிகிறது. வாடிக்கையாளரின் வேலைக்கு எந்த மீடியாவைப் பயன்படுத்துவீர்களோ அதிலேயே இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் வினைலும் ஃப்ளெக்ஸும் ஒரே அளவாக நகர்வதில்லை.

எல்லாம் சரியென்று தோன்றிய அன்று மாலை நாசில் செக் எடுத்துவிட்டு, இயந்திரத்தை அப்படியே விட்டுச் செல்லுங்கள். மறுநாள் காலையில் எந்தக் கிளீனிங்கும் செய்யாமல் மீண்டும் ஒரு நாசில் செக் எடுத்து, இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். காலைத் தாளில் கோடுகள் குறைந்திருந்தால் கேப் ஹெட்டோடு சரியாகப் பொருந்தவில்லை, அல்லது டேம்பர் இணைப்பில் காற்று புகுகிறது. மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் ஆர்டர் எடுக்கத் தொடங்கலாம்.