உணவுக்குழாய் புற்றுநோய்: கிரேடை வைத்துச் செய்யும் தவறுகள்

எங்கள் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வரும் பிஜி மாணவர்கள் உணவுக்குழாய் கேஸை ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள்: "பூர்லி டிஃபரன்ஷியேட்டட் மேடம், ரிசல்ட் நல்லா இருக்காது." படிக்கிற காலத்தில் நாங்களும் இப்படித்தான் சொன்னோம். ரிப்போர்ட்டை அரைகுறையாகப் படிப்பது, எண்ணை மாற்றி எழுதுவது போன்றவற்றை யூனிட்டிலேயே திருத்திவிடுவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

புற்று செல் தான் பிறந்த திசுவை எந்த அளவுக்கு ஒத்திருக்கிறது என்பதுதான் கிரேடு. நம் நாட்டில் அதிகம் பார்க்கும் ஸ்குவாமஸ் (தட்டைச் செல்) வகையில், இயல்பான திசுவை நன்றாக ஒத்திருக்கும் ஜி1 (கிரேடு 1) ஸ்லைடில் இளஞ்சிவப்பு வளையங்களாகக் கெரட்டின் முத்துகள் பளிச்சென்று தெரியும். பூர்லி டிஃபரன்ஷியேட்டட் எனப்படும், அந்த ஒற்றுமை குறைந்த ஜி3-இல் அவை அநேகமாக இருக்காது. சில சமயம் எந்தத் திசுவின் செல் என்று உறுதிசெய்யவே தனிச் சாயப் பரிசோதனை வேண்டியிருக்கும். ஜி3 கட்டி வேகமாக வளரும், நெறிக்கட்டிகளுக்குப் பரவும் வாய்ப்பும் அதிகம். இதெல்லாம் கட்டியின் சுபாவம். அது எதுவரை போயிருக்கிறது (இதுதான் ஸ்டேஜ்), சிகிச்சைக்குக் கட்டுப்படுமா என்பவற்றைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டேஜ் பார்க்காமல் கிரேடை வைத்து முடிவு கட்டுவது

இன்றும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இது.

வயலில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. இட்லியை சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிட முடிந்த நிலையில், வேறோர் இடத்தில் எண்டோஸ்கோப்பி செய்திருக்கிறார்கள். பயாப்சியில் ஸ்குவாமஸ், கிரேடு 3. அங்கிருந்த இளம் டாக்டர் அதை அப்படியே படித்துச் சொல்லியிருக்கிறார். வீட்டார் அதை மூன்றாவது ஸ்டேஜ் என்று எடுத்துக்கொண்டார்கள். டாக்டரும் மறுத்துச் சொல்லவில்லை. "இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நெனச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டோம் மேடம்" என்றார் மகன். சில மாதங்கள் கழித்து எங்களிடம் வந்தபோது கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. எச்சிலைத் துப்ப கையில் ஒரு டம்ளர் வைத்திருந்தார். முதலில் எடுத்த சிடி எங்கே என்று கேட்டேன். எடுக்கவே இல்லை! நாங்கள் எடுத்த சிடியில் கட்டி மூச்சுக்குழாய்க்குள் புகுந்திருந்தது. ஸ்டென்ட் வைத்து விழுங்க வழி செய்து கொடுத்தோம். குணப்படுத்தும் நோக்கத்தில் சிகிச்சை தர அப்போது இடமில்லை. தொடக்கத்தில் இடம் இருந்ததா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

கிரேடு 3 என்ற சொல்லை உச்சரிக்கும் அதே மூச்சில், "இது ஸ்டேஜ் இல்லை, ஸ்டேஜ் தெரிய சிடியோ பெட் ஸ்கேனோ எடுக்க வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். அதைச் சீட்டிலும் எழுதிக் கொடுங்கள்.

கிரேடுக்கு ஸ்டேஜில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஸ்டேஜ் போடும் விதிநூலான ஏஜேசிசி 8-ஆம் பதிப்பைத் திறந்து பார்த்தால் மாணவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். சிகிச்சைக்கு முன் ஸ்கேனை வைத்துப் போடும் கிளினிக்கல் ஸ்டேஜ் குழுவில் கிரேடு கிடையாது. கீமோ, ரேடியேஷனுக்குப் பிறகு அறுவை செய்து போடும் ஸ்டேஜிலும் கிடையாது. நேரடியாக அறுவை செய்த, நெறிக்கட்டியில் பரவாத கட்டிகளில் மட்டும்தான் அது கணக்கில் வருகிறது. ஸ்குவாமஸ் வகையில் தசை அடுக்குக்குள் இறங்கிய டி2 கட்டி ஜி1 என்றால் 1பி; ஜி2 அல்லது ஜி3 என்றால் 2ஏ. நெறிக்கட்டியில் நோய் இருந்துவிட்டால் கிரேடு எதுவாக இருந்தாலும் ஸ்டேஜ் மாறாது.

ஆரம்பநிலைக் கட்டியில் கிரேடை அலட்சியம் செய்வது

இது நேரெதிர்த் தவறு. உட்சவ்வோடு நிற்கும் சின்னக் கட்டியை எண்டோஸ்கோப்பி வழியாகவே வெட்டி எடுத்துவிடலாம். எடுத்த துண்டில் ஜி3 என்று வந்தாலோ, ரத்தக் குழாய் அல்லது நிணநீர்க் குழாய்க்குள் செல்கள் தெரிந்தாலோ, சவ்வுக்குக் கீழே ஆழமாக இறங்கியிருந்தாலோ, நெறிக்கட்டியில் நோய் ஒளிந்திருக்கும் அபாயம் கூடுகிறது. "ஓரம் சுத்தமா இருக்கு" என்று அதோடு அனுப்பிவிடக் கூடாது. மேற்கொண்டு அறுவையோ கீமோரேடியேஷனோ தேவையா என்று பல துறை டாக்டர்கள் கூடும் டியூமர் போர்டில் பேசியாக வேண்டும்.

பயாப்சி கிரேடைக் கடைசி வார்த்தையாக எடுப்பது

எண்டோஸ்கோப்பியில் கிள்ளி எடுப்பது கட்டியின் மேற்பரப்பிலிருந்து சில துணுக்குகள்தான். ஒரே கட்டியில் ஒரு பகுதி ஜி2, இன்னொரு பகுதி ஜி3 என்று இருக்கலாம்.

ஜிஎக்ஸ் (கிரேடு கணிக்க முடியவில்லை) என்று வந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது

வேண்டாம்.

செல் வகையை விட்டுவிட்டு கிரேடைப் பிடித்துக்கொள்வது

எந்தச் சிகிச்சை என்பதைக் கிரேடைவிட செல் வகை அதிகம் தீர்மானிக்கிறது. 2012-இல் வெளியான நெதர்லாந்தின் கிராஸ் ஆய்வில், 5 வாரம் பாக்லிடாக்சல், கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்துகளுடன் 41.4 கிரே ரேடியேஷன் கொடுத்துப் பிறகு அறுவை செய்தார்கள். ஸ்குவாமஸ் நோயாளிகளில் 49 சதவீதம் பேருக்கு, வெட்டி எடுத்த உணவுக்குழாயில் புற்று செல்லே மிச்சமில்லை. சுரப்பிச் செல் வகையான அடினோகார்சினோமாவில் அது 23 சதவீதம். அந்த அடினோ வகைக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் ஃபிளாட் என்ற நான்கு மருந்து கீமோ கொடுப்பது கிராஸ் முறையைவிடக் கூடுதல் ஆயுள் தருகிறது என்று ஜெர்மனியின் எசோபெக் ஆய்வு காட்டிவிட்டது. இடைநிலை ஆயுள் 66 மாதம். கிராஸ் பெற்றவர்களுக்கு 37.

எடையை எழுதாமல் கிரேடை எழுதுவது

எத்தனை கிலோ குறைந்திருக்கிறார் என்பதை முதலில் சொல்லுங்கள்.

டிஆர்ஜி எண்ணை ஜி எண்ணாகப் படிப்பது

சிகிச்சைக்குப் பின் வரும் அறுவை ரிப்போர்ட்டில் டிஆர்ஜி என்று இன்னொரு எண் இருக்கும். கட்டி எவ்வளவு கரைந்தது என்பதைச் சொல்வது அது. மாண்டார்ட் முறையில் 1 என்றால் புற்று செல் மிச்சமில்லை, 5 என்றால் அசையவே இல்லை. வேறு சில முறைகளில் எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குகிறது. எந்த முறை என்று லேபில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிராஸ் முறையில் சிகிச்சை பெற்று அறுவையும் முடிந்தவர்களுக்கு அடுத்து என்ன என்பதற்கு வழிகாட்டுவது இந்த ரிப்போர்ட்தான். புற்று செல் மிச்சமிருந்து, கட்டி முழுதாக அகற்றப்பட்டிருந்தால் ஓராண்டு நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து கொடுப்பது பற்றிப் பேச வேண்டும். செக்மேட் 577 ஆய்வில் நோய் திரும்பாமல் இருந்த இடைநிலைக் காலம் அந்த மருந்தால் 11 மாதத்திலிருந்து 22.4 மாதமானது. விலை அதிகம், காப்பீட்டில் வருமா என்று அறுவை ரிப்போர்ட் வந்த அன்றே விசாரிக்கச் சொல்லிவிடுங்கள்.