வினாடி வினாவில் மதிப்பெண் காணாமல் போன சிக்கல்: என் அனுபவம்

ஆசிரியர் வேலையிலிருந்து வெப் டெவலப்மென்டுக்கு மாற, நானாகவே ஜாவாஸ்கிரிப்ட் படித்து வருகிறேன். விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்கு ஒரு வினாடி வினா பக்கம் செய்தேன். வகுப்பில் கேட்டுப் பழகியவை என்பதால் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் விடையை எழுதி 'சரிபார்' பட்டனை அழுத்தினால், மதிப்பெண் ஒரு கணம் 1 என்று மின்னிவிட்டு மறுபடி 0 ஆகிவிடும். பிழைச் செய்தியும் வராது.

கூட்டல் ஃபங்ஷனைத் திருப்பி எழுதினேன், வேரியபிளை இடம் மாற்றினேன். பிரவுசரிலேயே தகவலைச் சேமித்து வைக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் சேமித்ததில் மதிப்பெண் நின்றது, கேள்விகள் முதலிலிருந்து தொடங்கின. கன்சோலில் (நிரல் தரும் செய்திகளை பிரவுசர் காட்டும் பகுதி) அச்சிட்ட வரிகளும் உடனே அழிந்தன. இதிலேயே நாள்கள் ஓடின.

கடைசியில் முகவரிப் பட்டையைப் பார்த்தேன். பட்டனை அழுத்தியதும் முகவரியின் முடிவில் ஒரு கேள்விக்குறி ஒட்டிக்கொண்டது! விடைப் பெட்டியும் பட்டனும் உள்ள ஃபார்ம் (படிவம்) சப்மிட் ஆகி, அதாவது அனுப்பப்பட்டு, பக்கமே புதிதாக லோட் ஆகிறது. ஃபார்முக்குள் உள்ள பட்டனுக்கு டைப் (வகை) கொடுக்காவிட்டால், பிரவுசர் அதை சப்மிட் பட்டனாகவே எடுத்துக்கொள்ளும். விடைப் பெட்டிக்கு நேம் (பெயர்) இருந்திருந்தால் விடையும் முகவரியில் தெரிந்திருக்கும். இல்லாததால் வெறும் கேள்விக்குறி.

டைப்பை 'பட்டன்' என்று மாற்றியதும் கிளிக் சரியானது. என்டர் தட்டினால் பழைய கதைதான். ஒரே டெக்ஸ்ட் பெட்டி உள்ள ஃபார்ம் என்டருக்கும் சப்மிட் ஆகும். அதனால் டைப்பை மறுபடி சப்மிட் ஆக்கி, ஃபார்மின் சப்மிட் ஈவென்ட்டை (சப்மிட் ஆகும்போது எழும் நிகழ்வை) பிடித்து, முதல் வரியிலேயே பிரவுசரின் வழக்கமான செயலைத் தடுக்கும் பிரிவென்ட் டிஃபால்ட் போட்டேன். அப்பாடா, இரண்டு வழியிலும் மதிப்பெண் நிற்கிறது.

கன்சோல் வரிகள் அழியாமலிருக்க அங்கேயே 'பிரிசர்வ் லாக்' என்ற தேர்வு இருக்கிறது. இப்படிப்பட்ட சிக்கலில் முதலில் அதை ஆன் செய்யுங்கள்.