205 ஜிடிஐயா, 5 ஜிடி டர்போவா? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்பதுகளின் பிரெஞ்சு குட்டிக் கார்கள் என்றாலே பேச்சு பியூஜோ 205 ஜிடிஐ, ரெனால்ட் 5 ஜிடி டர்போ இரண்டில்தான் வந்து நிற்கும். குழப்பமும் இங்கேதான் அதிகம்.

பெரிய குழப்பம் பெயரில். 1980இல் வந்த ரெனால்ட் 5 டர்போவுக்கு எஞ்சின் முன்சீட்டுகளுக்குப் பின்னால். 1981 மான்டி கார்லோ ராலியை ஷான் ரக்னொட்டி வென்றது அதில்தான். 1985இல் வந்த ஜிடி டர்போ அது இல்லை. எஞ்சின் முன்னால், இழுப்பதும் முன்சக்கரங்கள். அந்தப் பழைய வெற்றியைச் சொல்லி இதற்கு விலை ஏற்றினால் நம்பாதீர்கள். ஜிடி டர்போவுக்கென்று சொந்தப் பெருமையே இருக்கிறது: 1989 ஐவரி கோஸ்ட் ராலியை அலென் ஒரெய் இதில்தான் வென்றார். பியூஜோவின் ராலி காரான 205 டர்போ 16க்கும் ஜிடிஐக்கும் உள்ள உறவும் அப்படித்தான், தோற்றம் மட்டும்தான் ஒன்று.

அடுத்து, குதிரைத்திறனை மட்டும் பார்ப்பது. 1986இல் மேம்பட்ட 1.6 லிட்டர் ஜிடிஐக்கும் முதல் ஜிடி டர்போவுக்கும் அதே 115தான். ஓட்டினால் இரண்டும் வேறு உலகம். ஜிடிஐ மிதித்த உடனே பதில் சொல்லும். ரெனால்டின் 1397 சிசி எஞ்சின் கொஞ்சம் தாமதித்து, டர்போ (புகை வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கருவி) விழித்ததும் பாயும். 130 குதிரைத்திறன் கொண்ட 1.9 ஜிடிஐதான் உசத்தி என்பதையும் நான் ஏற்க மாட்டேன். அதில் இழுவை கூடுதல், பின்னாலும் டிஸ்க் பிரேக் உண்டு, சரி. ஆனால் வளைந்து போகும் சாலையில் 1.6 தரும் துடிப்பே தனி.

வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென விட்டால் 205இன் பின்பக்கம் வெளியே வீசும். எடை முன்னால் சாய, பின் டயர்களின் பிடி தளர்வதே காரணம். அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். பழுது வேறு இடத்தில் இருக்கிறது. பின் ஆக்சிலின் பேரிங் தேய்ந்த வண்டியில் பின்சக்கரங்களின் மேல்பகுதி உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். பின்னால் நின்று பார்த்தாலே தெரியும்.

ரெனால்டைக் குளிர்ந்த நிலையில் மட்டும் ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு வாங்காதீர்கள். டர்போவின் சூட்டில் கார்புரேட்டரிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். நன்றாக ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

சேகரிப்புக்கு வாங்குபவர்கள் அதிகம் சறுக்குவது, "ட்யூன் செய்த வண்டி, பவர் கூடுதல்" என்ற பேச்சில். பூஸ்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, ஏற்றி ஏற்றியே பல ஜிடி டர்போக்களின் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலான அடைப்புத் தகடு) போனது. 1.6 ஜிடிஐக்குள் 1.9 எஞ்சினை மாற்றி வைப்பதும் சகஜம்; எஞ்சின் எண்ணை ஆவணத்தோடு ஒப்பிடாமல் பணம் தராதீர்கள். யாரும் கை வைக்காத ஜிடி டர்போ கிடைத்தால், சேகரிப்புக்கு நான் அதைத்தான் எடுப்பேன். ஓட்டி மகிழத்தான் என்றால் 1.6 ஜிடிஐ.