பெரியவரைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஆள் வைக்கும்போது

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வலது கையும் காலும் வராது. நான் கடலூரில் அஞ்சலகக் கவுண்டரில் இருக்கிறேன். அண்ணனுக்குப் புதுச்சேரியில் வேலை. பகலில் ஆள் இல்லாமல் முடியாது. எப்படி ஏற்பாடு செய்தீர்கள் என்று எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டார் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

ஏஜென்சிக்குப் போன் செய்வதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து, பெரியவரின் ஒரு நாளை மணிவாரியாக எழுதுங்கள். எப்போது எழுகிறார், யார் தூக்கி உட்கார வைக்கிறார்கள், இரவில் எத்தனை முறை எழுப்புகிறார், எல்லாவற்றையும். நாங்கள் அதை எழுதாமல் "ஒரு நர்ஸ் வேண்டும்" என்று கேட்டோம். மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய், ஆழமான புண் இருந்தால்தான் பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும். குளிப்பாட்ட, ஊட்ட, திருப்பிப் படுக்கவைக்கப் பராமரிப்பாளர் போதும். இருவருக்கும் சம்பளம் வேறு. குழாய் மாற்றும் நாளில் மட்டும் செவிலியரை வரவழைத்தும் சமாளிக்கலாம்.

ஆள் வரும் முதல் நாள் கட்டாயம் லீவு போடுங்கள். எங்களிடம் முதலில் வந்த பெண் அப்பாவைப் படுத்த வாக்கிலேயே வைத்து ரசம் சாதம் ஊட்டினார். புரை ஏறி அப்பாவின் முகம் சிவந்து கண் பிதுங்கியதை நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்தேன். தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். ஊட்டிய பிறகும் அரை மணி நேரம் அப்படியே உட்கார வைக்க வேண்டும். வராத பக்கத்துக் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கிக் கிடக்கும். ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து பார்த்துத் துடைத்துவிட வேண்டும். அடுத்தது, திருப்பிப் படுக்கவைப்பது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்புகிறாரா, இழுக்காமல் தூக்குகிறாரா என்று பாருங்கள். இப்போது எங்களிடம் வேலை பார்க்கும் அக்கா பழைய வேட்டியை நான்காக மடித்து இடுப்புக்குக் கீழே விரித்திருக்கிறார். இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்தால் தோல் உராயாமல் அப்பா நகர்ந்துவிடுகிறார். முதுகுத்தண்டின் அடியிலும் குதிகாலிலும் சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். சிவப்பு மறையவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள்; அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஏஜென்சி மூலம் வைத்தால் பதிவுக் கட்டணம், அட்வான்ஸ், ஆள் நின்றுவிட்டால் எத்தனை நாளில் வேறு ஆள் அனுப்புவார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். கொடுக்கும் பணத்தில் வேலை செய்பவர் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். நாங்கள் மாதம் 18,000 ரூபாய் கட்டினோம். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது 11,000. இருபதாம் நாள் அவர் நின்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போதுள்ள அக்காவைத் தெரிந்தவர்கள் மூலம் நேரடியாக வைத்தோம். முன்பு வேலை பார்த்த வீட்டில் பேசிவிட்டு, ஆதார் நகல் வாங்கிக்கொண்டோம். பகல் பத்து மணி நேரம், ஞாயிறு விடுமுறை, மதியச் சாப்பாடு, 15,000 ரூபாய். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் அவர் கணக்கில் போட்டுவிடுகிறோம்.

அப்பாவின் பி.எஃப். ஓய்வூதியம் இதில் கால்வாசிகூட வராது. மீதியை அண்ணனும் நானும் பாதிப்பாதி போடுகிறோம். காப்பீட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 70 வயது நிறைந்தவர்களுக்கான ஆயுஷ்மான் அட்டை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருவது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. வீட்டு ஆளின் சம்பளத்துக்கு அல்ல. 60 வயது நிறைந்த பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடே இல்லை என்றால், பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்கள் அவர்களின் மருத்துவச் செலவுக்கு வரிக்கான வருமானத்திலிருந்து 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கொடுத்த பணம் கணக்கில் வராது என்பதால் மருந்துக் கடையிலும் போன் வழியாகவே கட்டுங்கள்.

கையெழுத்துப் போட முடியாதவரின் வங்கிப் பணம் முடங்கிவிடும் என்று பயப்பட வேண்டாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைரேகை வைத்து எடுக்கலாம். அவர்களில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். நினைவு தெளிவாக இருக்கும்போதே, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்காக மாற்றிவிட்டால் இந்த அலைச்சலும் இல்லை. ஓய்வூதியம் தொடரக் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழுக்காக யாரையும் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். என் கவுண்டருக்கு முன்னால் ஆட்டோவில் படுத்த நிலையில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தபால்காரரே வீட்டுக்கு வந்து பதிந்து தருவார். பி.எஃப். ஓய்வூதியத்துக்கு அந்தச் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும்.

கடலூர்க்காரர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசுத் திட்டம் அது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வரும். இயன்முறை சிகிச்சையும் படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி தணிப்புக் கவனிப்பும் உண்டு. பாகூர்ப் பக்கம் புதுச்சேரி எல்லைக்குள் இருந்தால் இது கிடையாது. முதியோருக்கான 14567 என்ற இலவச எண் நாடு முழுவதற்கும் பொது.

அக்கா பொங்கலுக்கு மூன்று நாள் ஊருக்குப் போவார். அந்த நாட்களுக்கு அண்ணன் மார்கழியிலேயே லீவு சொல்லிவைத்துவிடுகிறார். முந்தின நாள் மாலை வந்து, அந்த மடித்த வேட்டியின் ஓரத்தை எப்படிப் பிடிப்பது என்று அக்காவிடம் ஒரு முறை செய்து காட்டிவிட்டுத்தான் அவரை பஸ் ஏற்றிவிடுகிறார்.